கரட்டுக்கு ஆடு ஓட்டிய கோடை

ஊரடங்கு தொடங்கியபோது என் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். இருவரும் என் அக்காவின் பெண்கள். பெரியவள் ஐந்து வயதை எட்டிக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு மூன்று. அக்காவும் மாமாவும் பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட எங்கள் அம்மாவும் அங்கே போயிருந்தாள். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். பென்னாகரத்தில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நானும் இந்த இரண்டு பெண்களும் மட்டும் இருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர்களின் ஆடுகளை மேய்த்தவர். அம்மா கூலிக்குக் களை பறித்தவள். அக்கா செங்கல் சூளைக்குப் போனாள், நான் படித்தேன். எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். இந்தப் படிப்பை எந்தப் பேச்சிலும் எப்படியாவது நுழைத்துச் சொல்லிவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். தெருவில் எல்லோரும் என்னை டீச்சர் என்றார்கள். நானும் டீச்சராகவே நடந்துகொண்டேன். யார் வீட்டு வாசலிலும் நின்று கதை பேசியதில்லை, உறை மோருக்குக்கூட யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. இந்தப் பெண்களையும் நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். "கட்டட மணல்ல வளர்ந்தது போதும். எங்கிட்ட வுடு, நான் படிக்க வெக்கறன்" என்றேன் அக்காவிடம். அவள் யோசிக்கவே இல்லை. சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

பெரியவள் பிறந்தபோது இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு அதை நேராக்கினார்கள். பிறகு இரண்டு பூட்ஸையும் ஒரு கம்பியில் இணைத்துத் தூங்கும்போது மாட்டிவிடச் சொன்னார்கள். அதுவும் முடிந்து, கடைசியாக நான் கூட்டிப்போனபோது பிசியோதெரபி அறையில் பயிற்சி கொடுக்கும் அம்மா அவள் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நேராயிடுச்சு. ஆனா இது திரும்பிப் போறதுக்கு வழி பாத்துக்கிட்டே இருக்கும். நல்லா ஓட வுடுங்க. ஏத்தம் ஏறட்டும். குத்துக்காலிட்டு உக்காரட்டும். எப்பவும் குதிகா தரையில படணும். தூக்க ஆரம்பிச்சா மறுபடி கட்டுதான். அதுக்கும் கேக்கலன்னா நரம்ப நீட்டறதுக்கு ஆபரேஷன் பண்ணுவாங்க."

அதனால் தினமும் பள்ளி விட்டு வந்ததும் இருவரையும் கரட்டுக்குக் கூட்டிப்போவேன். ஒகேனக்கல் சாலையைத் தாண்டினால் ஊரை ஒட்டி ஒரு பாறைக் குன்று. உன்னிச்செடியும் வேலமரமும் மண்டிய சரிவில் ஆட்டுத்தடம் ஒன்று வளைந்து மேலே போகும். பெரியவள் அதில் ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அது வீட்டுப்பாடம்.

பிறகு எல்லாம் பூட்டிக்கொண்டது.

முதல் சில நாட்கள் எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். தெரு முனையில் வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். காலையும் மாலையும் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். முள்ளை வெட்டிப் போட்டு வெளியூர்க்காரர்கள் வராமல் தெருவை அடைத்தார்கள். நான் டீச்சர் அல்லவா, வீட்டுக்குள்ளேயே ஒரு கால அட்டவணை போட்டேன். அறையிலிருந்து சமையல்கட்டுக்கு ஓட்டம். சாக்பீஸால் கட்டம் கிழித்து நொண்டி. புளியங்கொட்டையைத் தரையில் இறைத்து, குத்துக்காலிட்டுப் பொறுக்கும் போட்டி. சின்னவள் கொட்டையை வாயில் போட்டுக்கொள்வாள். பெரியவள் கொஞ்ச நேரத்தில் "முடிஞ்சுது மிஸ்" என்று படுத்துவிடுவாள். வீட்டில் பாடம் எடுத்தால் என்னை அவள் சின்னம்மா என்று கூப்பிடுவதில்லை, மிஸ் என்பாள்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். "டீச்சர், மேல என்ன நெல்லு குத்தறீங்களா? எங்க தலையில மண்ணு கொட்டுது" என்று மாடிப்படியின் கீழே நின்று கேட்பார். படியில் ஏறி இறங்க விடலாம் என்றால் படிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மொட்டைமாடியில் அவர் மிளகாய் காயப்போட்டுப் பூட்டியிருந்தார். குழந்தைகள் காலால் தொட்டால் தீட்டு என்று சொல்லவில்லை. தொற்று என்றார்.

பெரியவள் ஜன்னலில் நிற்கத் தொடங்கினாள். பஸ் வருகிறதா என்று பார்ப்பாள். அவள் அம்மா பஸ்ஸில்தான் வருவாள் என்பது அவள் கணக்கு. ஜன்னல் கொஞ்சம் உயரம் என்பதால் எக்கி நிற்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் சமையல்கட்டில் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அங்கே எக்கிப் பார்க்க எதுவும் இல்லை. வலது கால் முழுதாகத் தரையில் இருந்தது. இடது கால் முன்பாதத்தில் நின்றது. நான் கீழே உட்கார்ந்து பழைய செய்தித்தாளின் ஓரத்தைக் குதிகாலுக்குக் கீழே நுழைத்தேன். எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய் வந்தது.

"கிச்சுக் கிச்சு மூட்டாத சின்னம்மா" என்று அவள் சிரித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நல்லவேளை, பிசியோ அம்மாவே எடுத்தார். அவசரத்துக்கு மட்டும்தான் இப்போது பார்க்கிறார்கள், பஸ்ஸும் இல்லை, எப்படி வருவீர்கள் என்றார். "பயப்படாதீங்க. ஆரம்பந்தான். ஆனா வுட்டுடக் கூடாது. ஏத்தத்துல நடக்க வைங்கம்மா, வேற மருந்து இல்ல" என்றார்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். கட்டடம் பாதியில் நின்றுபோய், தகரக் கொட்டகையில் நாலைந்து குடும்பங்களோடு அடைந்துகிடந்தாள். எப்போதும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான். சாப்பிட்டார்களா என்று கேட்கமாட்டாள்.

"குதிகா படுதா?"

"இல்லக்கா. லேசா தூக்குது."

பின்னால் யாரோ கன்னடத்தில் சண்டை போடும் சத்தமும் ஒரு குக்கர் சத்தமும் கேட்டன. அவள் அழ நினைத்தால்கூட அங்கே அழ இடமில்லை. "பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு சொல் என்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கேட்டு வாங்கி வந்தவள் நான். திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கால் நேராக இருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் இருவருக்கும் முகக்கவசம் மாட்டி, மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒகேனக்கல் சாலையில் தடுப்பு வைத்து ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா, குடும்பத்தோட டூரா?"

நான் சீட்டை நீட்டினேன். பாதத்தைக் காட்டினேன். என்ன வேலை செய்கிறேன், என்ன படித்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் எழுந்து நின்று பொறுமையாகத்தான் கேட்டார்.

"டீச்சருங்களே இப்பிடி வந்தா மத்தவங்கள நாங்க என்ன கேக்கறது? ஆஸ்பத்திரிக்குப் போறன்னு சொல்லுங்க, வுடறன். கரட்டுல நடக்கப் போறன்னா எப்பிடிங்க வுட முடியும்? ஜீப்பு வருது. எனக்கு மெமோ குடுப்பாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் நாலு மாடுகளை ஓட்டிக்கொண்டு தடுப்பின் ஓரமாகப் போனார். போலீஸ்காரர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மாட்டுக்கு மட்டும் வழி இருக்குதுங்களா சார்?"

"மாடு தின்னணும் இல்லம்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. இருந்த உத்தரவைச் சொன்னார்.

திரும்பி வரும்போது சின்னவள் தோளில், பெரியவள் கையில். எதிர் வீட்டில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

எதிர் வீட்டு அக்கா ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரி. கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். கணவர் லாரி டிரைவர், வடக்கே எங்கேயோ லாரியோடு மாட்டிக்கொண்டார். அவர் ஆசைப்பட்டு வாங்கிக் கட்டியிருந்த வெள்ளாடுகள் நாள் முழுக்கக் கயிற்றில் கிடந்து கத்தின. அந்தத் தெருவில் நான் குடிவந்ததிலிருந்து அவளிடம் பேசியது கொஞ்சம்தான். இப்போது தெருவின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டேன்.

"அக்கா, உங்க ஆடுங்கள நான் ஓட்டிக்கிட்டுப் போகட்டுங்களா? கரட்டுக்கு, மேச்சலுக்கு?"

குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீச்சரே, காய்ச்சல் ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க. நெசமாத்தான் கேக்கறன்."

"அய்யோ, பேடா டீச்சரே, வேணாம். இதுங்க எங்க வூட்டுக்காரர் பேச்சு மட்டுந்தான் கேக்கும். என்னையே முட்டித் தள்ளுது. எனக்கு ஆடுன்னா பிரியாணி வரைக்குந்தான் பழக்கம்."

பெரியவளின் காலைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அதான் பாப்பா ஜன்னல்லயே நிக்குதா? நான் எங்க ஆட்டத்தான் வேடிக்கை பாக்குதுன்னு நெனச்சன்." கயிற்றில் கிடந்த ஆடுகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஓட்டிக்கினு போங்க. தொலஞ்சாலும் பரவால்ல. எனக்கும் தூக்கம் வரும்."

சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபின் அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் ஊரில் படிக்காத பிள்ளையைத் திட்ட ஒரே வசைதான் உண்டு: ஆடு மேய்க்கத்தான் போவாய். எங்கள் அப்பா, காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு கிளம்பும் மனிதர், என்னைப் பார்த்து அதைச் சொல்வார். அவர் கோலை நான் விளையாட்டுக்குத் தொட்டாலும் பிடுங்கிவிடுவார். அவ்வளவு தூரம் விலக்கி வளர்த்த பெண், பட்டம் இரண்டு வாங்கிய பின், பென்னாகரம் தெருவில் ஆட்டுக்குப் பின்னால் போகப்போகிறாள். என் மாணவர்களின் வீடுகள் எல்லாம் அந்த வழியில்தான் இருந்தன. அப்போதுதான் முகக்கவசத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. கண் மட்டும் தெரியும்படி இழுத்துக் கட்டிக்கொண்டேன். தலைக்கு மேல் ஒரு துண்டு.

ஆட்டுக்காரர் கையில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்கு யோசனை வரவில்லை. வெயிலுக்குக் குடை எடுத்துக்கொண்டேன். ஆடுகளை அடக்க, பள்ளியில் விளையாட்டு வகுப்புக்கு வைத்திருந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்தான் பி.டி. டீச்சரும். விசிலுக்கு எண்பது பிள்ளைகள் வரிசையில் நின்றிருக்கிறார்கள், ஆடு நிற்காதா?

கயிற்றை அவிழ்த்ததும் ஆடுகள் தாங்களாகவே தெருவில் இறங்கி நடந்தன. தடுப்பு வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அங்கே ஒரு கிடா வழி மாறி டீக்கடைப் பக்கம் திரும்பியது. நான் விசிலை ஊதினேன்.

வெள்ளாடுகள் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. நாலு திசைக்கும் தெறித்தன. ஒன்று மூடியிருந்த கடையின் மேடையில் ஏறியது. ஒன்று தடுப்புக்கு அடியில் புகுந்தது. இன்னொன்று போலீஸ்காரரின் நாற்காலிக்குப் பின்னால் போய், அங்கே மாட்டியிருந்த பையில் மூக்கை நுழைத்து வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. பெரியவளும் சின்னவளும் நடுரோட்டில் நின்று கைதட்டிச் சிரித்தார்கள். வாரக்கணக்கில் அவர்கள் அப்படிச் சிரித்திருக்கவில்லை.

"என்னம்மா இது, ஸ்போர்ட்ஸ் டேவா?" என்றார் போலீஸ்காரர்.

"ஆடு மேய்க்கப் போறங்க சார்."

"அப்பிடியா? தொரட்டி எங்க?"

நான் குடையைக் காட்டினேன்.

"தழ வளைக்கறதுக்குத் தொரட்டி இல்லாம எந்த ஊருல ஆடு மேய்க்கறாங்க? எங்கப்பாவும் ஆடு வெச்சிருந்தவர்தாங்க டீச்சர். கொடையும் விசிலும் எடுத்துக்கிட்டு அவரு போனதில்ல."

முகக்கவசத்துக்குள்ளும் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "எங்கப்பாவும்தாங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த ஊரில் அதுவரை நான் யாரிடமும் சொல்லாதது அது. அப்பா விவசாயம் என்றுதான் சொல்வேன்.

அவர் பெரியவளின் காலைப் பார்த்தார். பிறகு தடுப்பை ஒரு முழம் நகர்த்தினார். "நாளைக்குத் தொரட்டியோட வாங்க. ஜீப்புல இருக்கறவரு கேட்டா நான் பதில் சொல்லணும். வெயில் ஏறறதுக்குள்ள எறங்கிடுங்க. அந்த விசில பையில போடுங்க மொதல்ல."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு மூங்கில் கழியின் நுனியில் வளைந்த கத்தி கட்டிய தொரட்டியை எதிர் வீட்டு அக்கா தன் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "இப்பத்தான் டீச்சர் மாதிரி இருக்கறீங்க" என்றாள்.

ஆடுகள் மேலே போகும்வரை பிரச்சினை இல்லை. திருப்பி இறக்குவதுதான் வேலை. கூப்பிட்டால் வராது. முதல் நாள் தொண்டை வறண்டு கத்திக்கொண்டிருந்தபோது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி உருட்டும் ஒரு சத்தம் என் வாயிலிருந்து தானாக வந்தது. ஆடுகள் தலையைத் தூக்கின. அப்பா எழுப்பும் சத்தம் அது. நான் கற்றுக்கொண்டதாக எனக்கு நினைவே இல்லை. மறுபடி ஒருமுறை எழுப்பினேன். கிடா முதலில் இறங்கியது, மற்றவை பின்னால் வந்தன. சின்னவள் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெயில் ஏறுவதற்கு முன் போய்வரும் அந்த நேரம் மட்டும்தான் அந்த நாட்களில் எங்களுக்கு நேரமாக இருந்தது. ஆடு ஏறினால் பெரியவள் பின்னால் ஏறுவாள். ஏறு, நட, குதிகாலை வை என்று நான் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு குட்டி அவளைவிடக் கொஞ்சம் வேகமாகவும், பிடித்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு மெதுவாகவும் ஓடும். கொடுக்காப்புளி உதிர்ந்து கிடந்தால் குத்துக்காலிட்டுப் பொறுக்குவாள். நான் பின்னாலிருந்து ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறுவேன். ஏற்றத்தில் குதிகால் அழுந்துகிறதா? சில நாள் அழுந்தியது போலிருக்கும். சில நாள் இல்லை. நாம் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒன்று நகர்கிறதா நிற்கிறதா என்று தெரிவதில்லை.

மேலே ஏறினால் ஒகேனக்கல் சாலை முழுதும் தெரியும். ஒரு பஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வறுவலுக்கும் பரிசலுக்கும் வரிசையாகப் போகும் கார்கள் இல்லை. அந்தச் சாலையைப் பார்க்கும்போதுதான் எனக்குப் புரியும், காலையிலிருந்து நான் பெரியவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று. என்னோடு படித்தவர்கள் வாட்ஸாப்பில் கேக் செய்து படம் போட்டார்கள். பள்ளி ஆசிரியர் குழுவில் கஷாயக் குறிப்புகள் வந்தன. எனக்கு அனுப்ப ஒரு படமும் இல்லை. பாறையில் உட்கார்ந்துகொண்டு வகுப்பில் பேசுவது போலச் சத்தமாகப் பேசிப் பார்ப்பேன். ஆடுகள் மென்றுகொண்டே கேட்கும். ஊரில் எனக்கு இருந்தது மரியாதை. வந்து உட்கார்ந்து பேச ஆள் இல்லை. அந்த வித்தியாசம் அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் பெரியவள் பாதிச் சரிவில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல."

"ஆடு போயிடும், வாடி கண்ணு."

"போகட்டும். எங்கம்மா வந்தாத்தான் நடப்பன்."

கெஞ்சினேன். மிரட்டினேன். டீச்சர் குரலில் பேசிப் பார்த்தேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தாள். கடைசியில் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். சின்னவள் என் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

"எங்கம்மாவும் அங்கதான் இருக்கறா" என்றேன், ஏன் சொன்னேன் என்று தெரியாமல்.

பெரியவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உனக்கு அம்மா இருக்கறாளா?"

"உங்க ஆயா யாரு? எனக்கு அம்மாதான?"

அதை அவள் அதுவரை யோசித்திருக்கவில்லை போலிருக்கிறது. பிறகு எழுந்து பின்பக்க மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "சரி, அழுவாத, வா. ஏறலாம்" என்றாள். நான் அழவில்லை. ஆனால் அவள் அப்படி நினைத்துக்கொண்டு இழுத்ததால் எழுந்து போனேன்.

இதற்கிடையில் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா பாடம் கேட்கப் போன் செய்தார். பாடம் முடிந்தபின் இழுத்தார்.

"மிஸ், தப்பா நெனக்கக் கூடாது. உங்கள மாதிரியே ஒருத்தங்க தெனமும் எங்க வூட்டத் தாண்டி ஆடு ஓட்டிக்கிட்டுப் போறாங்க. நடகூட உங்க நடதான். நான் இல்லன்னு சொல்றன், எங்க பையன் மிஸ்சேதான்னு அடிச்சுப் பேசறான்."

இல்லை என்று சொல்ல எல்லா வசதியும் அவரே செய்து கொடுத்திருந்தார். வாயைத் திறந்தபோது எனக்கு அப்பாவின் முகம் வரவில்லை, பட்டங்களும் வரவில்லை. பெரியவள் சமையல்கட்டில் சம்மணம் போடாமல், குத்துக்காலிட்டு, வெங்காயத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க" என்றேன்.

"அய்யய்யோ, ஏன் மிஸ்?"

"ஆடு தின்னணும் இல்லீங்க."

மறுநாள் அந்த வீட்டைத் தாண்டும்போது பையன் வாசலுக்கு ஓடிவந்து "குட் மார்னிங் மிஸ்" என்று கத்தினான். ஆடுகளோடு நின்று "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போனேன். அன்றிலிருந்து முகக்கவசத்தை மூக்கு வரைக்கும் மட்டும் போட்டுக்கொண்டேன்.

பெங்களூரிலிருந்து அக்கா வந்தது ஆடி மாதம். பாஸ் வாங்கி, லாரி மாறி, ஒரு பள்ளிக்கூடத்தில் தனிமையில் வைக்கப்பட்டு, அதன் பிறகு வந்தாள். மாமாவும் அம்மாவும் நேராகத் தீர்த்தமலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கறுத்து, பாதியாக இளைத்திருந்தாள். சின்னவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெரியவள் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் முட்டினாள். அக்கா அவளைத் தூக்கவில்லை. வாசலிலேயே மண்டியிட்டு அந்தப் பாதத்தைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் குதிகாலை அமுக்கிப் பார்த்தாள். தரையில் வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஒரு வாடகை வண்டி பிடித்துத் தருமபுரிக்குப் போனோம். பிசியோ அம்மா கண்ணாடிக் கவசத்துக்குள்ளிருந்து பெரியவளை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், சாய்வுப் பலகையில் ஏறச் சொன்னார். நாங்கள் இருவரும் சுவரை ஒட்டி நின்றோம். அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவளுக்கே அது தெரிந்திருக்காது.

"கட்டு வேணாம்" என்றார் அவர். "குதிகா நல்லா எறங்குது. போன்ல சொன்னப்ப நான் பயந்துட்டுதான் இருந்தன். யாரு வேலை இது?"

"ஆட்டோட வேலைங்க" என்றாள் பெரியவள், எங்களை முந்திக்கொண்டு.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"பிள்ளைங்கள நான் கூட்டிக்கிட்டுப் போயிடறன் பாப்பா."

"எங்க?"

"ஊருக்கு. பெங்களூருல வேலை எப்ப ஆரம்பிக்குமோ. அதுவரைக்கும் நான் சும்மாதான இருக்கப்போறன். எங்கூடவே இருக்கட்டும்."

படிப்பு என்று தொடங்கினேன். பள்ளிக்கூடமே திறக்கவில்லையே என்றாள். உண்மைதான். சொல்ல வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. அவள் பிள்ளைகள். "நீ இல்லன்னா அவ கால் போயிருக்கும்" என்று சொல்லி அவள் என் தோளைத் தொட்டாள். நான் சோற்றுப் பானையைத் திருப்பி வைத்தேன்.

பஸ் ஓடத் தொடங்கிய வாரம் கிளம்பினார்கள். பெரியவள் யார் கையையும் பிடிக்காமல் பஸ் படியில் ஏறினாள். இடது பாதம் முழுதாகப் பதிந்து, உடம்பை மேலே தள்ளியது. அந்த ஒரு அடியை நான் மட்டும்தான் பார்த்தேன். அவள் ஜன்னலோர இடத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தாள். சின்னவள் என்னைத் தேடிக் கை நீட்டினாள், அதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

அதே நாட்களில் எதிர் வீட்டு லாரிக்காரரும் வந்து சேர்ந்தார். ஆடுகளை அவரே ஓட்டிக்கொண்டு போனார். "டீச்சரே, உங்க வேலைய இவரு பிடுங்கிக்கினாரு" என்று எதிர் வீட்டு அக்கா சிரித்தாள். இப்போது நான் அவள் வாசலில் நின்று பேசுகிறேன். ஆனால் கணவன் வந்த வீட்டில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

தடுப்பை எடுத்துவிட்டார்கள். யாரும் எங்கும் போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு கரட்டுக்குப் போனேன். மேலே பாறையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அக்காவின் எண்தான், பேசியது பெரியவள். மூச்சு வாங்கியது.

"சின்னம்மா, நான் தீர்த்தமலை ஏறிட்டன்! மேல கோயில் வரைக்கும்! நானே ஏறிட்டன்!"

"அம்மா தூக்கலையா?"

"தூக்கல! அப்பா பாதியில உக்காந்துட்டாரு, நான் உக்காரல. ஆயா கீழயே இருக்குது. நீ எங்க இருக்கற?"

"கரட்டு மேல."

"ஆடு வந்துதா?"

"இல்ல. அது இப்ப அந்த லாரி மாமாகூடப் போவுது."

"பின்ன யார் கூட வந்த?"

"யாரும் இல்ல."

அந்தப் பக்கம் கோயில் மணிச் சத்தமும், சின்னவள் எதற்கோ அடம்பிடிக்கும் சத்தமும் கேட்டன. பெரியவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

"அப்பறம் எதுக்கு ஏறன?" என்று கேட்டாள்.

"சும்மாதான்" என்றேன்.